பிரிந்தால்தான் நல்லது

அலுமாரிக்கு மேலே

அலுமாரிக்கு மேலே சூட்கேஸ் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. ஒட்டறை அடிப்பதற்காகக் கதிரையில் ஏறி நின்றேன். கையில் நீளத் தும்புத்தடி. அலுமாரியின் தலையில் படிந்திருந்த தூசிக்கு நடுவே, சதுரமாக ஓர் இடம் மட்டும் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. என் சூட்கேஸ் இருந்த இடம் அது.

கலியாணத்தைப் பற்றி எழுதியபோது இந்தச் சூட்கேஸ் ஒருமுறை வந்து போனது. அதை வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கருஞ்சிவப்பு நிறம், ஒரு பக்கப் பூட்டுப் பழுது. லிங்கநகரில் இருக்கும் என் அம்மா வீட்டிலிருந்து, துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் என் கணவர் வீட்டுக்கு நான் வந்தபோது கூடவே வந்தது. வந்த நாளிலிருந்து அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. அதை இறக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. லிங்கநகருக்குப் போக ஒரு கைப்பை போதும்.

இப்போது யாரோ இறக்கியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர். இவர், இவருடைய அம்மாவான என் மாமி, நான். இவர் இடுப்பில் கட்டும் தன் சாரத்தைக்கூடத் தானாகத் தேடி எடுக்கமாட்டார். நான் எடுக்கவில்லை.

மிச்சம் மாமிதான். சூட்கேஸ் இறங்கினால் யாரோ பயணம் போகப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் யாரென்று எனக்கு உடனே விளங்கியது. கதிரையை விட்டு இறங்கவும் மனமில்லாமல் அப்படியே நின்றேன்.

தங்காதது

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல.

கலியாணமாகிச் சில வருடங்களில், என் வயிற்றில் பிள்ளை வந்ததும் தங்காமல் போனதும் ஒருமுறை அல்ல. ஒவ்வொரு முறையும் பெயர் யோசிக்கத் தொடங்கும்போதே முடிந்துவிடும். குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் வீணாகிறது என்று மாமி வெளியே நின்று சொல்வார். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

மாமி வாய் திறந்து என்னைக் குறை சொன்னதில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார். அந்தப் பெருமூச்சில் ஒரு முழுப் பிரசங்கமே இருக்கும்.

கிளினிக் டொக்டர் நல்ல மனிதர். கடைசி முறை எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி, ஆறுதலாகக் கதைத்தார்.

"அநேகமா இது தற்செயலா வாற பிழை. கரு உண்டாகிற நேரம் பங்கு பிரிக்கிறதில கூடக்குறைய ஆகிப்போறது. அதுக்கு ஆரும் பொறுப்பில்லை. எண்டாலும் உங்கட ரெண்டு பேரின்ர நிறமூர்த்தங்களையும் ஒருக்காப் பாத்திட்டா நல்லது. ரத்தம் கொழும்புக்கு அனுப்ப வேணும்."

வீட்டுக்கு வந்து மாமிக்குச் சொன்னோம். பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு, முன்னறையில் அவர் தன் தங்கையுடன் போனில் கதைப்பது கேட்டது.

"ஓமடி, ரத்தம் பாக்கினமாம். ஆரில பிழையெண்டு தெரிஞ்சா ஒரு முடிவெடுக்கலாம்தானே."

ஒரு முடிவு. அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என்னில் பிழையென்று வந்தால் என்னை லிங்கநகருக்கு அனுப்புவார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் இவர் அம்மாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதுமில்லை.

கலமும் அவத்தையும்

நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், எனக்குப் புதிய சொல் அல்ல. பள்ளிக்கூடத்தின் உயர்தர வகுப்பில் நான் படித்தது உயிரியல். எங்கள் புத்தகத்தில் உடம்பு கலங்களால் ஆனது. தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றில் அதையே 'செல்' என்று பார்த்தபோது, வேறு நாட்டு உடம்பைப் பற்றி வாசிப்பதுபோல் இருந்தது எனக்கு.

கலப்பிரிவு என்ற பாடத்தில் கலம் ஒன்று இரண்டாகும். அதற்குக் கட்டங்கள் உண்டு: முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை. அவத்தை என்றால் எங்கள் பக்கத்தில் படாத பாடு என்றுதான் அர்த்தம். தலைப்பைக் கரும்பலகையில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அவத்தை எண்டா நிலை, பிள்ளையள். சோதினையில நீங்கள் படப்போறது வேற அவத்தை."

பட்டோம். மருத்துவபீடம் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது, படகுகளைப் பதிவுசெய்யும் ஓர் அலுவலகத்தில். அங்கே கலம் என்றால் படகு. கலத்தின் பெயர், கலத்தின் நீளம், கலத்தின் எஞ்சின் என்று நாள் முழுவதும் தட்டச்சு செய்வேன். உடம்பின் கலங்களை அடியோடு மறந்துவிட்டேன். அவை உள்ளே தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன, என்னைக் கேட்காமல்.

மீன் இல்லை

இவருக்கு ஐஸ் வியாபாரம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இவருடைய ஐஸ் அறை. படகுகளுக்கு ஐஸ் கொடுப்பார், மீன் ஏற்றிக் கொழும்புக்குப் போகும் லொறிகளுக்கும் கொடுப்பார். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் இவரிடம் ஒரு மருந்து உண்டு. கால் சுளுக்கா, ஐஸ். தலையிடியா, ஐஸ். பக்கத்து வீட்டு ரீவி சூடாகி நின்றபோதும் ஒரு பை ஐஸோடு போனவர்தான்.

ரத்தம் எடுத்த பிள்ளை, குழாய்களை ஒரு சின்னப் பையில் போட்டுத் தந்து, "சூடு படாமல் கொண்டு போங்கோ" என்றது. அவ்வளவுதான் சொன்னது. அதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நிழலில் வைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். சொன்னது ஐஸ்காரரிடம்.

"நீர் ஏன் யோசிக்கிறீர்? நான் அனுப்பின சாமான் ஒண்டும் இண்டைவரைக்கும் வழியில பழுதாப் போனதில்லை" என்றார் இவர்.

சூடு புகாத ரெஜிபோம் பெட்டி ஒன்று எடுத்தார். அடியில் உடைத்த ஐஸ். அதற்கு மேல் பொலித்தீனில் சுற்றிய குழாய்கள், ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது. அவற்றின் மேல் இன்னும் ஐஸ், அறுக்குளா மீனுக்குப் போடுவதுபோல் இடைவெளி இல்லாமல். மூடிச் சுற்றிவர டேப் ஒட்டினார். கொழும்பில் யாரும் மாறி இறக்கிவிடக்கூடாதென்று, மேலே பெரிய எழுத்தில் 'மீன் இல்லை' என்று எழுதினார்.

பின்னேரம் லொறி வெளிக்கிட்டது. போகிற லொறியைப் பார்த்துக்கொண்டு நான் ஒழுங்கையில் நின்றேன். எங்கள் இரண்டு பேரின் ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஹபரணை தாண்டிப் போகிறது என்று நினைக்க ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

முடிவைச் சொல்வதற்கு வீட்டு போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இவருடைய கைபேசி எப்போதும் தண்ணீருக்குள் விழுந்து எழும்பிய நிலையில் இருக்கும். வீட்டு போனில் பகல் முழுக்க ஐஸ் ஓடர் எடுப்பது மாமி.

கறி ருசிக்கத் தொடங்கியது

பதில் வரவேயில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முதல் கேட்பேன்.

"மாமி, கொழும்பிலயிருந்து ஏதும் வந்ததே?"

"இல்லைப் பிள்ளை. ஐஸ் ஓடர்தான்."

இதே கேள்வி, இதே பதில். ஆனால் அதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மாமி மாறிப்போனார்.

எனக்குப் பிடித்த கணவாய்மீன் கறி, மாமிக்கு உறைப்பு ஒத்துவராததால் வீட்டில் அபூர்வமாகத்தான் வரும். அது கிழமையில் பல நாள் வரத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வந்தால் "ரெண்டு பேரும் ஒண்டாக் கோயிலுக்குப் போட்டு வாங்கோ" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுவார். நான் அம்மா வீட்டுக்குப் போகக் கைப்பையை எடுத்தால், "இந்தக் கிழமை வேண்டாம் பிள்ளை, ஆறுதலாப் போகலாம்" என்பார். பெருமூச்சு நின்றுபோயிருந்தது. போன் மணி இரண்டாம் தரம் அடிக்க முதல் ஓடிப்போய் எடுப்பார்.

ஒரு மாமியார் காரணமில்லாமல் நல்லவராவதைப் போலப் பயங்கரமான விஷயம் வேறில்லை. வெட்டப்போகிற ஆட்டுக்குக் குழை காட்டுகிறார் என்று நினைத்தேன். இவரிடம் சொன்னால், "அம்மா நல்லாத்தானே இருக்கிறா, உமக்கு அதிலயும் பிழையோ?" என்றார். ஆண்களுக்கு இந்த விஷயங்களில் கண் தெரியாது.

இந்த நிலையில்தான் அலுமாரிக்கு மேலே சூட்கேஸைக் காணவில்லை.

கட்டிலுக்குக் கீழே

கதிரையிலிருந்து இறங்கி நேரே மாமியின் அறைக்குப் போனேன். மாமி முற்றத்தில் ஆடை காயப்போட்டுக்கொண்டிருந்தார். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இருந்தது. சுவரோடு ஒட்டத் தள்ளி, முன்னால் ஒரு சாக்கையும் போட்டு மறைத்திருந்தது.

இழுத்தேன், பாரமாக வந்தது. என் உடுப்புகளை அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பழுதான பூட்டு ஒரு தட்டில் திறந்தது.

உள்ளே வெங்காயம். விளிம்புவரை சின்ன வெங்காயம்.

என்ன நினைப்பது என்றே தெரியாமல் அதன் முன்னால் இருந்துவிட்டேன். வாசலில் மாமி வந்து நின்றார். கையில் பிழியாத பிடவை, தண்ணீர் சொட்டியது.

"மாமி, இது என்ன?"

"வெங்காயம்."

"தெரியுது. ஏன் என்ர சூட்கேஸுக்குள்ள?"

மாமி பிடவையைக் கதவில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. சண்டை நேரம் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு வரும் முகம் அது.

"நீ வெளிக்கிட்டிடுவாய் எண்டு பயந்தனான். பெட்டி நிறைஞ்சிருந்தா உடனே வெளிக்கிட ஏலாதுதானே."

"நான் ஏன் வெளிக்கிடப் போறன்?"

"கொழும்பிலயிருந்து போன் வந்தது பிள்ளை. நான்தான் மறைச்சனான்."

"என்ன சொன்னவை?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளை கதைச்சது. இன்னும் பிரியேல்லையாம். பிரியாட்டி ஒண்டும் செய்ய ஏலாதாம். பிரிஞ்சாத்தான் நல்லதாம்." மாமி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ஆக்களை முன்னப்பின்ன தெரியாது, போனில எடுத்துப் பிரியச் சொல்லுறாள். நான் உனக்குச் சொல்லுவனோ? அவனுக்குத்தான் சொல்லுவனோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைப் பிடித்ததில்லை.

"அவையள் படிச்ச ஆக்கள், சொல்லட்டும். நீங்கள் பிரிய வேண்டாம். பிள்ளை இல்லாட்டி இல்லை. நான் வீட்டைப் பிரிஞ்சு வந்தனான். ஊரைப் பிரிஞ்சனான். உன்ர மாமாவை வழியில பிரிஞ்சனான். பிரிஞ்சது காணும்."

பிரியவில்லை. பிரிந்தால்தான் நல்லது. அந்தச் சொற்கள் எனக்குள் மெல்லமெல்லத் திரும்பி வேறு பக்கம் பார்த்தன. டீச்சரின் குரல் கேட்டது. கலப்பிரிவு.

"மாமி, அந்தப் பிள்ளை என்ன பிரியேல்லை எண்டு சொன்னது? கலம் எண்டு ஏதும் சொன்னதோ?"

"கலமோ கிலமோ, என்னவோ சொன்னது. நீ படகு ஒப்பீசில வேலை செய்யிறதால அதைப் பற்றிக் கேக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன்."

நான் சிரித்தேன். அழுதுகொண்டு சிரித்தேன். மாமி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவர எழும்பினார். அவரை இழுத்து இருத்திக் கட்டிப்பிடித்தேன். வெங்காய வாசமும் சவர்க்கார வாசமும் அடித்தது.

பிறகு ஆறுதலாகக் கேட்டேன். "தங்கச்சியோட போனில, பிழை தெரிஞ்சா ஒரு முடிவெடுக்கலாம் எண்டு சொன்னீங்களே, அது என்ன முடிவு?"

மாமி கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதோ? அவனில பிழையெண்டா வெருகல் முருகனுக்கு நேத்தி. உன்னில எண்டா கோணேசருக்கு. ஆரில எண்டு தெரியாமல் எந்தக் கோயிலுக்கு எண்டு நேருறது?"

ஒரு நேர்த்திக்கடனுக்காகத்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை இல்லாமல் கிடந்தேன்.

செத்ததுக்குத்தான் ஐஸ்

திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்துக்கு நானே போன் எடுத்தேன். கதைத்தது நஸ்ரின் என்ற பிள்ளை. எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டதும், "நானும் உங்கட பக்கந்தான், கிண்ணியா" என்று குரல் இளகியது.

"ரத்தம் வந்து சேர்ந்தது. ஆனா உறைஞ்சு கட்டியாத்தான் வந்தது. கலம் ஒண்டும் உயிரோட இல்லை. வளர்த்துப் பாத்தம், பிரியவேயில்லை. அதைத்தான் உங்கட வீட்டில சொன்னனான். நீங்க ஐஸ் போட்டீங்களா?"

"ஓம். என்ர கணவருக்கு ஐஸ் வியாபாரம்."

அந்தப் பக்கம் நஸ்ரின் சிரிப்பை அடக்குகிறது என்று விளங்கியது.

"அக்கா, ஐஸ் போடுறது செத்த மீனுக்கு. இது உயிரோட வரவேணும். பிரியிற நேரந்தான் நிறமூர்த்தம் கண்ணுக்குத் தெரியும். பிரியாத கலத்துக்குள்ள ஒண்டும் பாக்க ஏலாது."

இவரிடம் சொன்னேன். ஐஸ் அறை வாசலில் நின்றவர், கையில் இருந்த ஐஸ் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஐஸின் பக்கம் கதைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"மூடியில மீன் இல்லை எண்டு எழுதினனான்" என்றார் கடைசியாக. "எழுதினதை நானே யோசிக்கேல்லை."

அதோடு சேர்த்து மாமி கதையையும் சொன்னேன். போனையும் வெங்காயத்தையும். அவர் அப்படியே ஐஸ் பெட்டி மேல் இருந்துவிட்டார். சாரம் நனைந்ததுகூடத் தெரியவில்லை. "என்ர அம்மாவோ?" என்று மட்டும் கேட்டார். "பிழை என்னிலதான் எண்டு பயந்துகொண்டிருந்தனான்" என்றார் பிறகு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாளும் நான் பயந்ததைப்போல அவரும் பயந்திருக்கிறார், ஆனால் தன்னில் பிழை வந்துவிடுமென்று. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு தனித்தனியே பயந்திருக்கிறோம்.

பிரியும் பிரிவும்

இரண்டாம் தரம் லொறியில் அனுப்பவில்லை. நாங்களே காலைக் கோச்சியில் போனோம். சூட்கேஸ் தேவைப்பட்டது. மாமி வெங்காயத்தை ஓர் ஓலைக் கடகத்தில் கொட்டினார். பிறகு தன் சேலை ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தார்.

"நானும் வாறன். அந்தப் பிள்ளையை ஒருக்காப் பாக்க வேணும்."

கொழும்பு போகும்வரை சூட்கேஸைத் திறக்கும்போதெல்லாம் ரயில் பெட்டி முழுக்க வெங்காய வாசம் வந்தது.

நஸ்ரின் மெல்லிய பிள்ளை. வெள்ளைக் கோட்டு, நெற்றிவரை இழுத்த பர்தா, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு. ரத்தம் எடுத்து முடிந்ததும், மாமி கண்ணாடித் தடுப்புக்குள் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு வந்து இருந்து கதைத்தது. நான் ஒருகாலத்தில் பாடமாக்கி மறந்ததை, அந்தப் பிள்ளை சொல்லும்போதுதான் முதல்முதலாக விளங்கிக்கொண்டேன்.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளைக் கலங்கள் சும்மா தூங்கிக்கொண்டிருக்குமாம். அவற்றை எழுப்ப வேண்டும். போஞ்சி இனத்துச் சிவப்புக் கொட்டை ஒன்றிலிருந்து எடுக்கும் சாறு போடுவார்கள். எழும்பியதும் உடம்புச் சூட்டில் வைப்பார்கள்.

"எங்கட வீட்டுப் போஞ்சியோ?" என்றார் மாமி.

"அதுக்குச் சொந்தக்காரர்தான் உம்மா."

எழும்பிய கலம் உடனே பிரியாது. பிரிவதற்கு முதல் தன் டீ.என்.ஏ முழுவதையும் படி எடுக்க வேண்டும். அது இரண்டு இழை ஒன்றையொன்று சுற்றிக் கிடப்பது. அந்த இரண்டும் முறுக்கவிழ்ந்து விலகும். விலகிய ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான புது இழை ஒன்றைப் பக்கத்தில் கட்டிக்கொள்ளும்.

இவர் நிமிர்ந்தார். படகுக் கயிறு பின்னத் தெரிந்தவர்.

"ரெண்டு பிரிக் கயிறு மாதிரி. பிரியைப் பிரிச்சு, ஒவ்வொரு பிரிக்கும் புதுப் பிரி ஒண்டு போட்டு முறுக்கினா, ஒரு கயிறு ரெண்டு கயிறாகும். ரெண்டிலயும் பாதி பழசு, பாதி புதுசு."

"அதேதான் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னது நஸ்ரின். "எங்களுக்குப் படிப்பிக்கிற சேர்மாரும் இப்பிடிச் சொல்லேல்லை."

"பிழையாப் பின்னுப்பட்டா?" என்று நான் கேட்டேன். நான் அங்கே வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

"படி எடுக்கிற நேரமே திரும்பிப் பாத்து, பிழையானதை எடுத்திட்டுச் சரியானதைப் போடும். அநேகமா ஒண்டும் தப்பாது. சிலது தப்பும். தப்பினா அது கலத்தின்ர குற்றமுமில்லை, ஆக்களின்ர குற்றமுமில்லை அக்கா."

படி எடுத்து முடிந்ததும் நிறமூர்த்தங்கள் தடித்து நடுவில் வரிசையாக வந்து நிற்கும். அடுத்த கணம் இரண்டு பக்கமாக இழுபட்டுப் போகும். போகவிடாமல் அந்த நிலையிலேயே நிறுத்த ஒரு மருந்து போடுவார்களாம். கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கும் நஞ்சின் இனம். வேலியில் பூத்தால் தொடாதே என்று எனக்குச் சின்ன வயதில் அடி விழுந்த அதே பூ. நிறுத்தியதைப் படம்பிடித்து, சோடி சோடியாக அடுக்கி, கூடுதல் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நஸ்ரினின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ அண்டைக்குப் போனில பிரியச் சொன்னது இதைத்தானோ மகள்? நான் உனக்கு மனசுக்குள்ள நல்லா ஏசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்."

விஷயம் விளங்கியதும் நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில், உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முடிவு தெரிந்ததும் தானே எடுத்துச் சொல்வதாக மாமிக்கு வாக்குக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸை அலுமாரிக்கு மேலே வைக்கப் போனேன். மாமி விடவில்லை. திரும்பவும் தன் கட்டிலுக்குக் கீழேயே தள்ளிக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அதற்குள் இருப்பது என் மகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள். ஓம், மகள்தான். அவள் வந்தது பிறகு. ஆனால் எனக்கு மூச்சு வந்தது அவள் வருவதற்கு நெடுநாள் முன்னரே, இனி நான் சொல்லப்போகும் காலையில்.

வீட்டு போன்

அலுவலகத்துக்கு வெளிக்கிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றேன். மீன்காரக் காக்காவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் நின்றது. பக்கத்து வீட்டுத் தேவி அக்கா சட்டியோடு வந்து பாரை மீன் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் அறை வாசலில் இவர் ஆட்களோடு ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போன் அடித்தது. பாதி மணியில் நின்றது.

ஐஸ் ஓடர் என்றால் மாமி உரத்துக் கதைப்பார். இது அப்படியில்லை. நான் ஸ்கூட்டியின் சாவியைத் திருகாமல் நின்றேன்.

மாமி முன்வாசலுக்கு வந்தார். போன் வயர் எட்டும் தூரம்வரை ரிசீவரை இழுத்துக்கொண்டு வந்தவர், அதற்கு மேல் வர ஏலாமல் படியில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைத் தாண்டி, ஒழுங்கை முடிவில் நின்ற தன் மகனைப் பார்த்து, சம்பூர்க்காரியின் முழுக் குரலில் கூப்பிட்டார்.

"தம்பி, பிரிஞ்சிட்டுது!"

தேவி அக்காவின் கையிலிருந்த சட்டி சாய்ந்து பாரை நிலத்தில் விழுந்தது. மீன்காரர் குனிந்து எடுக்கவும் மறந்து நின்றார். மாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா சொல்லுறீங்கள்?" தேவி அக்கா என்னையும் பார்க்கிறார், இவரையும் பார்க்கிறார். "ஆர் பிரிஞ்சது?"

"எங்கட வீட்டில ஒருத்தரும் பிரியேல்லை தேவி. ஒருத்தரும் பிரியவும் மாட்டினம்" என்றார் மாமி. "கலந்தான் பிரிஞ்சது. ரெண்டு பேரின்ரயும் நல்ல வடிவாப் பிரிஞ்சிருக்காம். நாப்பத்தாறும் சோடி சோடியா இருக்காம். ரெண்டு பேரிலயும் ஒரு பிழையுமில்லையாம்."

இவர் ஐஸ் கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவது தெரிந்தது. என் கண்ணில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் துடைக்கத் தோன்றாமல், கண்ணாடிக்கு மேலாகவே துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இனி எந்தக் கோயிலுக்கு நேத்தி மாமி?" என்று கேட்க வாயெடுத்தேன்.

மாமி ரிசீவரை என் பக்கம் நீட்டினார். வயர் எட்டவில்லை. நான்தான் படிவரை போனேன்.

"இந்தா, நீயும் ஒருக்காக் கேள் பிள்ளை. அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவாச் சொல்லுது."